ஊநீர் இரும்பு அளவீடு

ஊநீர் இரும்பு அளவீடு என்பது, குருதி உறைந்த பின் தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நீர்மமான ஊநீரில் உள்ள இரும்பின் அளவை வேதி வினைபொருட்களைக் கொண்டு கண்டறியும் ஆய்வகச் சோதனை ஆகும். தமிழ்நாட்டு ஆய்வகங்களில் இது 'சீரம் அயர்ன்' என்ற பெயரில் வழங்குகிறது. இரும்புக் குறைபாட்டால் வரும் குருதிச்சோகையைப் பிற காரணங்களால் வரும் சோகையிலிருந்து பிரித்தறியவும், உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துள்ளதா என அறியவும் இச்சோதனை பயன்படுகிறது. இன்று இது பெரும்பாலும் தானியங்கிப் பகுப்பாய்விகளிலேயே செய்யப்படுகிறது. பெரோசின் என்னும் வினைபொருள் இதில் மிகப் பரவலாகப் பயன்படுகிறது.

இச்சோதனை தரும் எண்ணைத் தனியாக வைத்து முடிவு செய்ய இயலாது. ஒரே எண் இருவேறு நோயாளிகளிடம் எதிரெதிரான பொருளைத் தரக்கூடும். ஆகவே வினைபொருட்களின் செயற்பாடு, பிழை நேரும் வழிகள், உடன் செய்ய வேண்டிய பிற சோதனைகள் ஆகியவற்றோடு சேர்த்தே இதனைப் புரிந்து கொள்ள வேண்டும்.

பின்னணி

வளர்ந்த மனிதரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உள்ளது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செங்குருதி அணுக்களின் ஹீமோகுளோபினில் அடங்கியுள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் பெரிட்டின் என்னும் சேமிப்புப் புரதத்தில் தங்கியுள்ளது. குருதியின் நீர்மப் பகுதியில் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 3 மில்லிகிராம் மட்டுமே. ஆனால் ஒரு நாளில் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இவ்வழியே கடந்து செல்கிறது. எனவே ஊநீர் இரும்பு என்பது கிடங்கில் உள்ள இருப்பு அன்று. சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் எண்ணிக்கை போன்றது.

இந்த இரும்பைச் சுமக்கும் புரதம் டிரான்ஸ்பெரின் ஆகும். குருதியில் இரும்பைப் பிணைக்கும் புரதம் ஒன்று உண்டு என்பதை 1946 ஆம் ஆண்டில் சேட், கரோலின் ஆகிய இருவரும் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஓம்பெர்க், லாரெல் ஆகியோர் அதற்கு டிரான்ஸ்பெரின் என்று பெயரிட்டனர். ஒரு டிரான்ஸ்பெரின் மூலக்கூறு இரண்டு பெரிக் அயனிகளைச் சுமக்க வல்லது. உடல்நலமுள்ள ஒருவரிடம் இந்த இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மட்டுமே நிரம்பியிருக்கும்.

வளர்ந்தோருக்கான இயல்பு அளவு தோராயமாக டெசிலிட்டருக்கு 60 முதல் 170 மைக்ரோகிராம் ஆகும். இது ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறுபடும். பெண்களுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். டெசிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இது லிட்டருக்கு 17.9 மைக்ரோமோலுக்குச் சமம்.

வேதியியல் அடிப்படை

எல்லா நிறமானி முறைகளும் மூன்று படிகளைக் கொண்டவை.

1. விடுவித்தல்: டிரான்ஸ்பெரினிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்தல். டிரான்ஸ்பெரின் காரத்தன்மையுள்ள சூழலில் இரும்பை இறுகப் பற்றியிருக்கும். அமிலச் சூழலில் கைவிட்டுவிடும். பிஎச் மதிப்பு 5க்குக் கீழே இறங்கும்போது இரும்பு வெளிப்படுகிறது.
2. ஒடுக்குதல்: வெளிவந்த மூவிணைதிற இரும்பை (பெரிக்) ஈரிணைதிற இரும்பாக (பெரஸ்) மாற்றுதல். நிறந்தரும் வினைபொருட்களில் பெரும்பாலானவை பெரஸ் அயனியோடு மட்டுமே நிறமுள்ள அணைவுச் சேர்மத்தை உண்டாக்கும்.
3. நிறமாக்குதல்: பெரஸ் அயனியை நிறந்தரும் வினைபொருளோடு சேர்த்து, தோன்றும் நிறத்தின் செறிவை நிறமாலை ஒளிமானியால் அளத்தல். பியர்-லாம்பர்ட் விதியின்படி, கரைசல் உட்கவரும் ஒளியின் அளவு அதிலுள்ள அணைவுச் சேர்மத்தின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

வினைபொருட்கள்

விடுவிக்கும் வினைபொருட்கள்

தொடக்கக் கால முறைகளில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்துப் புரதங்களை வீழ்படிவாக்கி, மேலே தெளிந்த நீர் மட்டும் எடுத்துக் கொள்ளப்பட்டது. தானியங்கிக் கருவிகளில் வடிகட்டுதலோ சுழற்றிப் பிரித்தலோ இடையில் செய்ய இயலாது. ஆகவே அசிட்டேட்டுத் தாங்கல் கரைசல், சிட்ரிக் அமிலம், குவானிடின் ஐதரோகுளோரைடு ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு புரதம் வீழ்படியாமலேயே இரும்பு விடுவிக்கப்படுகிறது. கலவை கலங்காதிருக்கச் சவர்க்காரப் பொருட்களும் சேர்க்கப்படுகின்றன.

ஒடுக்கிகள்

அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி), ஐதராக்சிலமின், தயோகிளைக்காலிக் அமிலம், சோடியம் டைதயோனைட்டு ஆகியன பயன்பட்டுள்ளன. நாற்றமும் நச்சுத்தன்மையும் குறைவு என்பதால் இன்று அஸ்கார்பிக் அமிலமே பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் அது காற்றிலுள்ள ஆக்சிசனால் மெல்லச் சிதையக்கூடியது. திறந்த புட்டியை வெப்பத்தில் வைத்தால் ஒடுக்கும் திறன் குறைந்து, சோதனை முடிவும் உண்மையைவிடக் குறைவாக வரும்.

நிறந்தரும் வினைபொருட்கள்

பயன்பாட்டில் இருந்த, இருக்கும் முதன்மையான வினைபொருட்கள் கீழே தரப்பட்டுள்ளன. அடைப்புக்குறிக்குள் உள்ள எண், அணைவுச் சேர்மத்தின் தோராயமான மோலார் உட்கவர்திறன் ஆகும். எண் பெரிதாக இருப்பின் சிறிய அளவு இரும்பும் தெளிவான நிறம் தரும்.

* தயோசயனேட்டு: பெரிக் அயனியோடு குருதிச் சிவப்பு நிறம் தரும். நிறம் விரைவில் மங்குவதால் கைவிடப்பட்டது.
* பாத்தோபினாந்த்ரோலின்: 535 நானோமீட்டர் (22,000). நீரில் கரையாது. அதன் சல்போனேட்டு வடிவமே ஊநீர்ச் சோதனைக்கு ஏற்றது.
* டிரிபிரிடில் டிரையசீன்: 593 நானோமீட்டர் (22,600). நீல நிறம்.
* பெரோசின்: 562 நானோமீட்டர் (27,900). செவ்வூதா நிறம். நீரில் எளிதில் கரையும். பிஎச் 4 முதல் 9 வரை நிறம் நிலைத்து நிற்கும்.
* பெரீன்: 593 நானோமீட்டர் (35,500). நீல நிறம். பெரோசினைவிட உணர்திறன் மிக்கது.
* குரோமசுரால் பி: 630 நானோமீட்டரை ஒட்டி. பெரிக் அயனியோடு நேரடியாக வினைபுரிவதால் ஒடுக்கி தேவையில்லை. நேர்மின் சவர்க்காரப் பொருளொன்றின் துணையோடு மிகச் செறிந்த நிறம் தரும். ஆயினும் கருவியின் குழாய்களிலும் கலங்களிலும் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது.

மறைக்கும் வினைபொருட்கள்

ஊநீரில் இரும்புக்கு ஏறத்தாழ இணையான அளவில் செம்பும் உள்ளது. ஒடுக்கியின் முன்னிலையில் செம்பு அயனியும் பெரோசினோடு ஓரளவு நிறம் தரும். கருவுற்ற பெண்களிடம் ஊநீர்ச் செம்பின் அளவு இயல்பைவிட மிகுந்திருக்கும். எனவே செம்பை மறைக்காத வினைபொருளைக் கொண்டு சோதித்தால், இரும்புக் குறைபாடு எவருக்கு மிகுதியாக எதிர்பார்க்கப்படுகிறதோ அவர்களிடமே இரும்பு கூடுதலாக இருப்பது போலத் தோன்றும். இதனைத் தவிர்க்கத் தயோயூரியா அல்லது நியோகுப்ரோயின் சேர்க்கப்படுகிறது. இவை செம்பைத் தம்மோடு பிணைத்து வினையிலிருந்து விலக்கி வைக்கின்றன.

தானியங்கு முறையின் வளர்ச்சி

அமெரிக்க உயிர்வேதியியலாளர் லெனார்டு இசுக்கெக்சு 1957 ஆம் ஆண்டில் தொடர்பாய்வு முறைத் தானியங்கியை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். டெக்னிக்கான் நிறுவனம் இதனை 'ஆட்டோ அனலைசர்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் ஊநீர் மாதிரிகள் காற்றுக் குமிழிகளால் பிரிக்கப்பட்டு, ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். புரதத்தை விலக்க ஒரு பிரித்தூடு சவ்வு பயன்பட்டது. அமிலத்தால் விடுபட்ட இரும்பு சவ்வின் வழியே மறுபுறம் சென்று நிறந்தரும் வினைபொருளைச் சந்திக்கும்.

1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆக் வேதிநிறுவனத்தில் பணியாற்றிய லாரன்சு ஸ்டூக்கி, பெரோசின் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 1971 ஆம் ஆண்டிலேயே இது ஊநீர்ச் சோதனைக்குப் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டில் பெர்சைன் குழுவினர் புரதத்தை நீக்காமலேயே பெரோசின் கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டனர். புரதம் நீக்கும் படி தேவையற்றுப் போனதால், ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனிக் கலத்தில் வைத்துச் சோதிக்கும் பிற்காலத் தானியங்கிகளுக்கு இம்முறை எளிதில் பொருந்தியது. அதே 1971 ஆம் ஆண்டில் குருதியியல் தரப்படுத்தலுக்கான பன்னாட்டுக் குழுவும் ஊநீர் இரும்பு அளவீட்டுக்கான தன் பரிந்துரையை வெளியிட்டது.

இன்றைய செயல்முறை

தற்காலத் தானியங்கிகளில் பெரும்பாலும் இரண்டு வினைபொருள் புட்டிகள் வைக்கப்படும். முதற்புட்டியில் அமிலத் தாங்கல் கரைசல், சவர்க்காரப் பொருள், தயோயூரியா ஆகியன இருக்கும். இரண்டாம் புட்டியில் அஸ்கார்பிக் அமிலத்தின் உப்பும் பெரோசினும் இருக்கும். ஒடுக்கியும் பிற பொருட்களும் எந்தப் புட்டியில் இருக்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும்.

கருவியின் உறிஞ்சுகோல் ஊநீரை எடுத்துக் கலத்தில் விட்டு, முதற்புட்டியின் கரைசலைச் சேர்க்கும். 37 பாகை செல்சியசில் சில நிமிடங்கள் கழித்து முதல் அளவீடு எடுக்கப்படும். ஊநீரின் இயல்பான மஞ்சள் நிறம், கலங்கல், மாதிரியில் கலந்த ஹீமோகுளோபினின் சிவப்பு ஆகிய அனைத்தும் இந்த முதல் அளவீட்டில் பதிவாகிவிடும். பின்னர் இரண்டாம் புட்டியின் கரைசல் சேர்க்கப்பட்டு, நிறம் முழுமையடைந்ததும் இரண்டாம் அளவீடு எடுக்கப்படும். கனஅளவு மாற்றத்தைச் சரிசெய்து, முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் இரும்பினால் மட்டும் தோன்றிய நிறம் கிடைக்கும். செறிவு அறிந்த செந்தரக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டு முடிவு கணக்கிடப்படும்.

இங்கு அளக்கப்படும் நிறம் மிகச் சிறியது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஊநீரில் லிட்டருக்கு 17.9 மைக்ரோமோல் இரும்பு உள்ளதாகவும், கலவையில் ஊநீர் பத்தில் ஒரு பங்கு எனவும் கொள்வோம். கலவையில் இரும்பின் செறிவு 1.79 மைக்ரோமோல். இதனைப் பெரோசினின் 27,900 ஆல் பெருக்கினால், 1 சென்டிமீட்டர் தடிப்புள்ள கலத்தில் கிடைக்கும் உட்கவர்திறன் சுமார் 0.05 மட்டுமே. இரும்புக் குறைபாடுள்ளவரிடம் இது 0.01 அளவுக்கும் இறங்கலாம். இதனால்தான் சோதனைக்குழாயின் சுவரிலோ நீரிலோ உள்ள இம்மியளவு இரும்பும் முடிவை மாற்றிவிடுகிறது. அயனி நீக்கிய நீர், இரும்பு கலவாத நெகிழிக் குழாய்கள், வினைபொருள் வெற்றுச் சோதனை ஆகியன இதற்கு இன்றியமையாதவை.

இரும்புப் பிணைப்புக் கொள்ளளவு

டிரான்ஸ்பெரின் முழுவதும் நிரம்பினால் எவ்வளவு இரும்பைச் சுமக்கும் என்பது மொத்த இரும்புப் பிணைப்புக் கொள்ளளவு எனப்படும். இதன் இயல்பு அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 450 மைக்ரோகிராம். பழைய முறையில் ஊநீரோடு மிகையான பெரிக் உப்பைச் சேர்த்து டிரான்ஸ்பெரினை நிரப்பி, எஞ்சிய இரும்பை மக்னீசியம் கார்பனேட்டுத் தூளால் நீக்கி, பின் ஊநீரின் இரும்பு அளக்கப்பட்டது.

தானியங்கிகளில் நிரம்பாத கொள்ளளவே நேரடியாக அளக்கப்படுகிறது. இதில் பெரோசின் தலைகீழாகப் பயன்படுகிறது. காரத்தன்மையுள்ள தாங்கல் கரைசலில் அளவறிந்த மிகை இரும்பு சேர்க்கப்படும். டிரான்ஸ்பெரின் தன் வெற்றிடங்களில் எடுத்துக்கொண்டது போக, எஞ்சிய இரும்பு பெரோசினோடு நிறம் தரும். சேர்த்ததிலிருந்து எஞ்சியதைக் கழித்தால் வெற்றிடங்களின் அளவு கிடைக்கும். அதனோடு ஊநீர் இரும்பைக் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு கிடைக்கும்.

ஊநீர் இரும்பை மொத்தக் கொள்ளளவால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் வருவது டிரான்ஸ்பெரின் நிறைவு விழுக்காடு ஆகும். இது 16 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் செங்குருதி அணுக்கள் உருவாகத் தேவையான இரும்பு கிடைக்கவில்லை என்று கொள்வது வழக்கம்.

பிழைகளும் குறுக்கீடுகளும்

* சிவப்பணுச் சிதைவு: ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. டெசிலிட்டருக்கு 0.1 கிராம் ஹீமோகுளோபின் ஊநீரில் கலந்தாலே 340 மைக்ரோகிராம் இரும்பு புதிதாக வந்து சேர்கிறது. இது இயல்பான ஊநீர் இரும்பைப்போல் மும்மடங்கு. ஆயினும் ஹீமோகுளோபினின் இரும்பு அதன் வளையத்துள் இறுகப் பிணைந்திருப்பதால், பெரோசின் முறையின் மென்மையான அமிலம் அதனைப் பெரிதாக விடுவிப்பதில்லை. அணு உட்கவர் நிறமாலை முறை எல்லா இரும்பையும் ஒன்றாகவே அளப்பதால், அம்முறையில் இப்பிழை பெரிதாகும்.
* தவறான குழாய்: குருதி உறையாதிருக்க ஈடிடிஏ சேர்த்த குழாய்கள் இச்சோதனைக்கு உதவா. ஈடிடிஏ இரும்பைத் தானே பிணைத்துக் கொள்வதால் முடிவு பொய்யாகக் குறையும்.
* இரும்பு மாத்திரை: மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் ஊநீர் இரும்பு உயரும். மாத்திரையை நிறுத்தாமல் குருதி கொடுப்பவரிடம் குறைபாடு மறைந்து போகலாம்.
* நாளின் நேரம்: ஒரே மனிதரிடம் காலைக்கும் மாலைக்கும் அளவு மாறும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில் எடுப்பதே பொது வழக்கம்.
* இரும்பு நீக்கும் மருந்துகள்: அடிக்கடி குருதி ஏற்றப்படும் தலசீமியா நோயாளிகளுக்குத் தரப்படும் டெஸ்பெரியாக்சமின் இரும்பைப் பிணைத்துக்கொண்டு நிறவினையில் குறுக்கிடும்.
* நோய்த்தொற்றும் அழற்சியும்: இது வேதிப் பிழை அன்று. அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின், இரும்பைச் சேமிப்பிலிருந்து வெளிவராமல் தடுப்பதால் ஊநீர் இரும்பு உண்மையாகவே குறைகிறது. உடலில் இரும்பு போதிய அளவு இருந்தும் இவ்வாறு நேரும்.

முடிவுகளைப் பொருள் கொள்ளல்

இரு பெண்களுக்கு ஊநீர் இரும்பு டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் என ஒரே முடிவு வந்ததாகக் கொள்வோம். முதலாமவரின் மொத்தக் கொள்ளளவு 420. நிறைவு விழுக்காடு 9.5. இரும்புக்காக ஏங்கும் உடல் டிரான்ஸ்பெரினை மிகுதியாகச் சுரந்துள்ளது. இது இரும்புக் குறைபாட்டுக்கு உரிய தோற்றம். இரண்டாமவரின் மொத்தக் கொள்ளளவு 210. நிறைவு விழுக்காடு 19. இது நாட்பட்ட தொற்று அல்லது அழற்சியால் வரும் சோகையின் தோற்றம். முதலாமவருக்கு இரும்பு மாத்திரையும், இரும்பு எவ்வழியில் இழக்கப்படுகிறது என்ற தேடலும் தேவை. இரண்டாமவருக்கு மாத்திரையைப் பல மாதம் தந்தாலும் பயன் குறைவு. காசநோய் போன்ற அடிப்படை நோய் கண்டறியப்படாமல் போகும் ஆபத்தும் உண்டு.

பொதுவான தோற்றங்கள் வருமாறு:

* இரும்புக் குறைபாடு: இரும்பு குறைவு, கொள்ளளவு மிகுதி, பெரிட்டின் குறைவு.
* நாட்பட்ட நோய்ச் சோகை: இரும்பு குறைவு, கொள்ளளவு குறைவு அல்லது இயல்பு, பெரிட்டின் இயல்பு அல்லது மிகுதி.
* தலசீமியா: இரும்பு இயல்பு அல்லது மிகுதி. தேவையின்றி இரும்பு தருவது தீங்காகலாம்.
* மிகை இரும்பு நோய்: நிறைவு விழுக்காடு 45க்கு மேல், பெரிட்டின் மிகுதி.

உலக சுகாதார அமைப்பு 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடல்நலமுள்ள வளர்ந்தோரிடம் பெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைபாடு எனக் கொள்ளப்படுகிறது. தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு இவ்வெல்லை 70 ஆகும்.

தமிழ்நாட்டில்

2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினரும், 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினரும் குருதிச்சோகை உடையவர்கள். இக்கணக்கெடுப்பில் விரல் நுனியில் எடுத்த குருதியின் ஹீமோகுளோபின் மட்டுமே அளக்கப்பட்டது, இரும்பு அளக்கப்படவில்லை. ஆகவே இவ்வெண்கள் சோகையின் எண்களே அன்றி இரும்புக் குறைபாட்டின் எண்கள் அல்ல. 2016–18 ஆம் ஆண்டுகளில் இந்திய அளவில் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் பெரிட்டினும் அளக்கப்பட்டது. அதில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்குச் சோகையும் 32 விழுக்காட்டினருக்கு இரும்புக் குறைபாடும் காணப்பட்டன.

இரும்பு குறித்த ஆய்வில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு நீண்ட வரலாறு உண்டு. கருவுற்ற பெண்களுக்கு எவ்வளவு இரும்பு தரவேண்டும் என்பதை அறிய, உலக சுகாதார அமைப்பின் ஆதரவோடு தில்லியிலும் வேலூரிலும் நடந்த கூட்டாய்வின் முடிவுகள் 1975 ஆம் ஆண்டில் வெளியாயின. இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு இணைந்து புறநிலைத் தர மதிப்பீட்டுத் திட்டம் ஒன்றையும் இக்கல்லூரி நடத்தி வருகிறது. இத்தகைய திட்டத்தில், மதிப்பு மறைக்கப்பட்ட மாதிரிகள் பங்கேற்கும் ஆய்வகங்களுக்கு அனுப்பப்படும். ஒவ்வோர் ஆய்வகமும் தன் முடிவை அதே முறையைப் பயன்படுத்தும் பிற ஆய்வகங்களின் முடிவுகளோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். வேறுவேறு நிறுவனங்களின் வினைபொருட்கள் புழங்கும் சூழலில், ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட இதுவே வழி.

மரக்காணம் உப்பளக் கடற்கரை

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள மரக்காணம், தமிழ்நாட்டின் உப்பு விளையும் ஊர்களுள் ஒன்று. தை, மாசி மாதங்களில் பாத்திகள் சீர்செய்யப்பட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரை உப்பு வாரப்படுகிறது. இக்கடற்கரை ஊநீர் இரும்பு அளவீட்டோடு இரு வகையில் தொடர்புடையது.

முதலாவது, உழைப்போரின் உடல்நிலை. கடும் வெயிலில் உழைப்போருக்கு உடலின் நீர் குறைந்தால் குருதி செறிவடையும். அப்போது ஹீமோகுளோபினின் செறிவு உண்மை நிலையைவிடக் கூடுதலாகத் தோன்றி, இலேசான சோகையை மறைத்துவிடலாம். டிரான்ஸ்பெரின் நிறைவு விழுக்காட்டில் இச்சிக்கல் குறைவு. இரும்பும் அதனைச் சுமக்கும் புரதமும் ஒரே விகிதத்தில் செறிவடைவதால், வகுக்கும்போது அம்மாற்றம் நீங்கிவிடுகிறது. ஆனால் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் பொதுவாக ஹீமோகுளோபின் சோதனையே கிடைக்கும். இரும்புச் சோதனைக்குரிய தானியங்கிகள் பெரிய மருத்துவமனைகளிலும் நகர ஆய்வகங்களிலும் உள்ளன. மரக்காணத்திலிருந்து புதுச்சேரியும் திண்டிவனமும் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. குருதி இவ்வாறு வெளியூர் செல்ல வேண்டியிருந்தால், எடுத்த இடத்திலேயே ஊநீரைப் பிரித்துக் குளிர்நிலையில் அனுப்புவது நல்லது. பிரிக்காத குருதி வெப்பத்தில் குலுங்கிச் சென்றால் சிவப்பணுக்கள் சிதையும்.

இரண்டாவது, உப்பே இரும்பைச் சுமக்கும் ஊர்தியாக இருப்பது. எல்லா வீட்டிலும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணப்படும் பொருள் உப்பு என்பதால், அயோடினோடு இரும்பையும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு உருவாக்கப்பட்டது. இதில் எழும் வேதிச் சிக்கல், ஊநீர்ச் சோதனையின் இரண்டாம் படிக்கு நேர் எதிரானது. சோதனைக் கலத்தில் பெரிக் இரும்பைப் பெரஸ் இரும்பாக மாற்ற வேண்டும். உப்பிலோ பெரஸ் இரும்பு பெரிக்காக மாறாமல் காக்க வேண்டும். வெயிலில் விளைந்த கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். அந்த ஈரத்தில் பெரஸ் இரும்பு பெரிக்காக மாறி உப்பு பழுப்பேறும். அதே வேளையில் அயோடேட்டு ஒடுக்கப்பட்டு அயோடின் ஆவியாக வெளியேறும். இரண்டு சத்துகளுமே இவ்வாறு பயனிழக்கும். எனவே தூய்மையாக்கி உலர்த்திய நுண்பொடி உப்பே இதற்கு ஏற்றது. கழுவாத கல்லுப்பு ஏற்றதன்று.

இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் காணப்பட்டன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், பெரஸ் சல்பேட்டோடு சோடியம் எக்சாமெட்டாபாசுபேட்டைச் சேர்த்து நிலைப்படுத்தியது. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில், பெரஸ் பியூமரேட்டுத் துகள்களுக்குக் கொழுப்புப் பூச்சு தந்து அயோடினிலிருந்து பிரித்து வைக்கும் முறை உருவாயிற்று. 1974 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம், இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உள்ள தன் உப்பளத்தைக் கொண்டு இரட்டைச் செறிவூட்டிய உப்பைத் தயாரித்தது. இவ்வுப்பு சத்துணவுத் திட்டத்தில் பயன்படுத்தப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் 'அம்மா உப்பு' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த மூன்று வகைகளுள் இதுவும் ஒன்று.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிகளின்படி, இவ்வுப்பில் கிலோவுக்கு 850 முதல் 1,100 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும். அதாவது ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 1 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் எல்லையான நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் நின்றால், இதன் வழியே கிடைப்பது 5 மில்லிகிராம் அளவே. ஆகவே இவ்வுப்பு குறைபாட்டைத் தடுக்கத் துணை நிற்குமே தவிர, கடுமையான குறைபாட்டுக்கு மருந்து ஆகாது. மேலும், உப்பின் மிகுதி குருதியழுத்தத்தைக் கூட்டும் என்பதால், இரும்பைக் கருதி உப்பைக் கூடுதலாக உண்பதும் பொருந்தாது.

செறிவூட்டிய உப்பு உண்மையில் பயன் தந்ததா என்பதையும் குருதிச் சோதனையே தீர்மானிக்கிறது. பெங்களூரை அடுத்த பகுதியில் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் நடந்து 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும், டார்ஜிலிங் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் நடந்து 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும், ஹீமோகுளோபினோடு பெரிட்டினையும் அளந்து இரும்பு நிலை மேம்பட்டதைக் காட்டின. ஹீமோகுளோபினை மட்டும் அளந்திருந்தால் சேமிப்பில் ஏற்பட்ட மாற்றம் தெரிந்திராது.

இவற்றையும் பார்க்க

* குருதிச்சோகை
* டிரான்ஸ்பெரின்
* பெரிட்டின்
* நிறமாலை ஒளிமானி
* அயோடின் கலந்த உப்பு
* மரக்காணம்